கழித்துப் போட்டதிலிருந்து ஒரு பெட்டி: பீட்டில்ஸ் ‘ஆந்தாலஜி’, 1995 முதல் 2025 வரை

1995 நவம்பர் 21 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு ‘ஆந்தாலஜி 1’ வந்தது. முதல் நாளிலேயே சுமார் 4,50,000 பிரதிகள் விற்றன. முதல் வாரம் முடிந்தபோது எண்ணிக்கை 8,50,000-ஐத் தாண்டியிருந்தது. பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸ் பிரிந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. குழுவின் நால்வரில் ஒருவரான ஜான் லெனன் சுட்டுக்கொல்லப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள். விற்றது புதுப் பாடல்களின் தொகுப்பும் அல்ல. ஒரே ஒரு பாட்டுதான் புதிது. மற்றதெல்லாம் பாதியில் நின்றுபோன டேக்குகள் (ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்த முயற்சிகள்), ஒரு கம்பெனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய தேர்வுப் பதிவு, பதின்வயதில் கைக்காசு போட்டுப் பதிந்த ஒரு தட்டு.

அடுத்த ஆண்டு மார்ச்சில் இரண்டாம் தொகுதியும் அக்டோபரில் மூன்றாம் தொகுதியும் வந்தன. மூன்றும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. 2025 நவம்பரில் நான்காவது ஒன்றைச் சேர்த்து, எட்டு சிடி அல்லது பன்னிரண்டு எல்பி, 191 டிராக் கொண்ட ஒரே பெட்டியாக விட்டிருக்கிறார்கள். மூத்த ராக் குழுக்கள் எல்லாம் இன்று தம் வாழ்நாள் முழுவதற்குமான ‘அரிய பதிவுகள்’ பெட்டியைக் கொண்டுவருகின்றன. அந்த வியாபாரத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு இல்லை.

இத்தகைய பெட்டி வந்தாலே ‘பெட்டகத்தைத் திறந்துவிட்டார்கள்’ என்று விளம்பரம் செய்வார்கள். ஆந்தாலஜியின் முப்பதாண்டுக் கதையை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெட்டகம் ஒருமுறைகூட முழுசாகத் திறக்கவில்லை என்பது தெரியும். எது உள்ளே வரலாம், எது வெளியே நிற்கலாம் என்பதில் பாட்டின் தரத்துக்கு ஒரு பங்குதான். மிச்சத்தைத் தீர்மானித்தவை டேப்பின் நிலைமை, ஒப்பந்தம், நாலு பேரின் சம்மதம், கள்ளச் சந்தையின் நெருக்கடி. கடைசியில் காப்புரிமைச் சட்டமும் வந்து சேர்ந்துகொண்டது.

டேப் எப்படி மிஞ்சியது

முதலில் சரக்கு. பீட்டில்ஸ் இசைத்தட்டு கம்பெனியான ஈ.எம்.ஐ.யின் ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு முதன்முதலாகப் போனது 1962 ஜூன் 6. அந்தக் காலத்தில் இரண்டு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) டேப்பில் பதிவார்கள், அதைக் கலந்து மோனோவில், அதாவது ஒரே தடமாக, ஒரு மாஸ்டர் (வெளியீட்டுக்கான இறுதி டேப்) எடுப்பார்கள், அதோடு மூல டேப்புக்கு வேலை முடிந்துவிடும். ‘லவ் மீ டூ’ பாட்டின் மூலப் பதிவு டேப் இப்படித்தான் ஒழிந்தது. பெயர் தெரியாத நாலு லிவர்பூல் பையன்களின் மிச்ச டேப்பை யார் பத்திரப்படுத்துவார்கள்? அவர்கள் புகழ் பெற்ற பிறகு கதை மாறியது. 1963 அக்டோபரில் நான்கு டிராக் இயந்திரத்துக்கு மாறினார்கள். அப்புறம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள், தடுமாறி நிறுத்தியதைக்கூட.

அதனால்தான் முதல் தொகுதி மற்ற இரண்டையும் போல இல்லை. ஸ்டூடியோ மிச்சம் போதாத காலத்தை வெளியிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. 1958-ல் லிவர்பூலின் கென்சிங்டன் பகுதியில் பெர்சி பிலிப்ஸ் தன் வீட்டிலேயே வைத்திருந்த சின்ன ஸ்டூடியோவில், ‘குவாரிமென்’ என்ற பெயரில் இருந்த பையன்கள் பதினேழு ஷில்லிங் ஆறு பென்ஸ் கொடுத்து ஒரு தட்டு பதிந்தார்கள். ஒரு பக்கம் அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியின் பாட்டு. மறுபக்கம் ‘இன் ஸ்பைட் ஆஃப் ஆல் தி டேஞ்சர்’, மெக்கார்ட்னி–ஹாரிசன் என்று இருவர் பெயரில் பதிவான ஒரே பாட்டு. ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. அதை ஆளுக்குச் சில நாள் வைத்துக்கொண்டார்கள். கடைசியாக அது பியானோ வாசித்த ஜான் லோவின் கையில் தங்கி, இருபது ஆண்டுக்கு மேல் அவரிடமே இருந்தது. 1981-ல் பால் மெக்கார்ட்னி அதை விலைக்கு வாங்கினார். ஆந்தாலஜியில் கேட்கும்போது கீறல் சத்தத்துக்கு அடியிலிருந்து குரல் வருகிறது. இசையாக மதிப்பிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆவணமாகப் பார்த்தால் இந்தப் பெட்டியிலேயே விலைமதிக்க முடியாதது அதுதான்.

அடுத்தது டெக்கா, முன்னால் சொன்ன, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கம்பெனி. 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் பதினைந்து பாட்டு பாடிக் காட்டினார்கள். டெக்கா அவர்களை விட்டுவிட்டு பிரையன் பூல் குழுவை எடுத்துக்கொண்டது. அந்தப் பதினைந்தில் ஐந்து இங்கே இருக்கின்றன. கேட்டால் டெக்காக்காரர்களை முழுக்கக் குறைசொல்லத் தோன்றவில்லை. பதற்றத்தில் அவசரமாகப் பாடுகிறார்கள். ‘ஷேக் ஆஃப் அரபி’யில் ஜார்ஜ் ஹாரிசன் பாடுவது பள்ளி ஆண்டு விழாவுக்குச் சரி.

இந்தத் தொகுதியில் பத்து டிராக்குகளில் டிரம்ஸ் வாசிப்பவர் பீட் பெஸ்ட். 1962 ஆகஸ்டில், புகழுக்குச் சில வாரங்கள் முன்னால் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, விற்பனை லட்சக்கணக்கில் ஓடியபோது, அவருக்கும் ராயல்டி வந்தது. ஆனால் அட்டைப்படத்தைப் பாருங்கள். புகழுக்கு முன் ஜெர்மனியின் ஹாம்பர்கில் வாசித்த காலத்து நண்பர் கிளாஸ் வூர்மன் வரைந்தது. கிழிந்த சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதுபோல இருக்கும், மூன்று தொகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே படமாகும். அதில் ஒரு பழைய குழுப் படத்தில் பெஸ்ட்டின் முகம் இருந்த இடம் கிழிக்கப்பட்டு, அந்த ஓட்டை வழியாக அவருடைய இடத்துக்கு வந்த ரிங்கோ ஸ்டார் தெரிகிறார். காசு கொடுத்தார்கள், முகத்தை எடுத்துவிட்டார்கள். பெஸ்ட் சும்மா இருக்கவில்லை. 2008-ல் தன் குழுவின் ஆல்பத்துக்கு, கிழிபட்ட அந்தத் துண்டையே அட்டைப்படமாகப் போட்டார். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகப் பிடித்த பதிலடி அதுதான்.

பதினைந்து ஆண்டு இழுபறி

சரக்கு கையில் இருந்தும் ஏன் 1995 வரை காத்திருந்தார்கள்? ஈ.எம்.ஐ.க்குப் பொறுமை இருந்ததே இல்லை. 1978-ல் ‘ரேரிட்டீஸ்’ என்று ஒன்று விட்டது. ஆனால் அதில் இருந்தவை ஏற்கெனவே வெளியாகி, ஆல்பங்களில் சேராமல் சிதறிக் கிடந்தவை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆபி ரோடு பொறியாளர் ஜான் பாரெட் உட்கார்ந்து எல்லா டேப்பையும் கேட்டுப் பட்டியலிட்டார். 1983 கோடையில் ஸ்டூடியோ இரண்டைப் பழுதுபார்க்க மூடியபோது, பொதுமக்களை உள்ளே விட்டு, அந்த டேப்புகளில் சிலவற்றை ஒரு படக்காட்சியோடு ஒலிக்கவிட்டார்கள். வந்தவர்களில் சிலர் பையில் ரெக்கார்டர் வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அதன்பின் ஈ.எம்.ஐ. ‘செஷன்ஸ்’ என்ற பெயரில் ஒரு ஆல்பத்தையே தயார் செய்தது. ‘ரிவால்வர்’ காலத்துப் பொறியாளர் ஜெஃப் எமெரிக் மிக்ஸ் செய்தார். ‘லீவ் மை கிட்டன் அலோன்’, ‘நாட் கில்டி’, ‘தட் மீன்ஸ் எ லாட்’ எல்லாம் அதில் இருந்தன. 1985-ல் வரவேண்டியது. பீட்டில்ஸ் தரப்பு தடுத்து நிறுத்தியது. கம்பெனிக்கும் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்கும் அப்போது ராயல்டி வழக்கு நடந்துகொண்டிருந்தது. சண்டை போடும் எதிராளிக்கு விற்பனைச் சரக்கை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? ஆனால் ஆல்பம் நின்றதே தவிர டேப் நிற்கவில்லை. ‘செஷன்ஸ்’ பூட்லெக்காக, அதாவது அனுமதியில்லாத கள்ளப் பதிப்பாக, பரவியது. 1988-ல் ‘அல்ட்ரா ரேர் டிராக்ஸ்’ என்ற பெயரில் கள்ள சிடிகள் வந்தபோது கேட்டவர்கள் அதிர்ந்தார்கள். அதுவரை பூட்லெக் என்றால் இரைச்சலும் மங்கலும்தான். இது மாஸ்டர் டேப்பிலிருந்து நேராக எடுத்தது போலத் துல்லியமாக இருந்தது. அதே ஆண்டில் வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன், எந்தத் தேதியில் எந்தப் பாட்டுக்கு எத்தனை டேக் எடுத்தார்கள் என்று நாள்வாரியாக ஒரு நூல் எழுதியிருந்தார். ஆக, ரசிகர்களிடம் பட்டியலும் இருந்தது, திருட்டுச் சரக்கும் இருந்தது. உரிமையாளர்களிடம் விற்க எதுவும் இல்லை.

1989-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1994-ல் பி.பி.சி. வானொலிப் பதிவுகள் வந்து நன்றாக விற்றன. குழுவின் பழைய வேன் ஓட்டுநராகத் தொடங்கி ஆப்பிளின் தலைவராக உயர்ந்த நீல் ஆஸ்பினால், எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே குழுவின் படச்சுருள்களைச் சேர்த்துவைத்திருந்தார். அது தொலைக்காட்சித் தொடராக உருவெடுத்தது. அதற்குத் துணையாகத்தான் இந்தத் தட்டுகள் திட்டமிடப்பட்டன. பணத்தேவை ஒரு காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஜார்ஜ் ஹாரிசன் தன் முன்னாள் வணிக மேலாளர்மீது 1995-ல் வழக்குப் போட்டு, மறு ஆண்டில் ஒரு கோடி டாலருக்கு மேல் தீர்ப்புப் பெற்றார். அந்த வழக்கின் அளவே அவருடைய நட்டத்தின் அளவைச் சொல்லும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணம் வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்திருக்காவிட்டால் இந்த டேப்புகள் இன்னும் அலமாரியில் இருந்திருக்கும்.

யார் சரி என்று சொல்லவேண்டும்

ஆப்பிளில் நாலு தரப்பு: பால், ஜார்ஜ், ரிங்கோ, ஜானின் இடத்தில் அவர் மனைவி யோகோ ஓனோ. நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். தொகுப்பைச் செய்தவர் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், கூட ஜெஃப் எமெரிக். இந்த ஏற்பாட்டின் விளைவை ஒவ்வொரு தட்டிலும் கேட்கலாம்.

நன்றாக அறியப்பட்ட உதாரணம் ‘கார்னிவல் ஆஃப் லைட்’. 1967 ஜனவரி 5 அன்று, லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் நடக்கவிருந்த ஒரு நிகழ்ச்சிக்காகப் பாலின் யோசனையில் பதிந்த, பதினான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒலிச் சோதனை. தாளமும் இல்லை, மெட்டும் இல்லை. ஜான்தான் புதுமைக்காரர், பால் இனிப்பான மெட்டுக்காரர் என்று ஊர் போட்டுவைத்த கணக்கைத் திருத்த அது இடம்பெறவேண்டும் என்று பால் விரும்பினார். ஜார்ஜுக்குப் பிடிக்கவில்லை. வரவில்லை. 2025 பெட்டியிலும் இல்லை. அது நல்ல இசையாக இருக்குமா என்பது வேறு பேச்சு. ஒரு குழுவின் அரிய பதிவுகளைத் தொகுக்கிறோம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் பதிந்ததிலேயே மிக விநோதமானதை விட்டால், தொகுப்பு யாருடைய ரசனைக்கு வேலி கட்டுகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ இன்னொன்று. 1968 ஜூலை 18 அன்று அதை மெதுவான, கனமான ப்ளூஸ் பாட்டாக மணிக்கணக்கில் வாசித்தார்கள். ஒரு டேக் இருபத்தேழு நிமிடம் ஓடுகிறது. ரசிகர் உலகில் அதற்குப் புராணத்தகுதி. ஆந்தாலஜி 3-ல் வந்தது வேறொரு டேக், பன்னிரண்டு நிமிடப் பதிவு, அதையும் நாலரை நிமிடமாக வெட்டி. அந்தப் பன்னிரண்டு நிமிடம் முழுசாக வர 2018 ஆயிற்று. இருபத்தேழு நிமிடம் இன்னும் அலமாரியில்தான். இந்த விஷயத்தில் நான் தொகுத்தவர்கள் பக்கம். இருபத்தேழு நிமிடம் அதைக் கேட்க ஆசைப்படுபவர்களில் பாதிப் பேர் பத்தாவது நிமிடத்தில் அடுத்த டிராக்குக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் இஷர் டெமோக்கள் (முழுப் பதிவுக்கு முந்தைய மாதிரிப் பதிவுகள்) விஷயத்தில் அப்படிச் சொல்லமுடியாது. 1968 மே மாதம், ரிஷிகேஷிலிருந்து திரும்பியதும், இஷரில் ஜார்ஜின் பங்களாவில் உட்கார்ந்து அக்கூஸ்டிக் கிதாரோடு இருபத்தேழு பாட்டுகளை டேப்பில் பதிந்தார்கள். அந்த ஆண்டு வந்த ‘வைட் ஆல்பம்’ பாட்டுகளில் பெரும்பகுதி தளிராக அதில் இருக்கிறது. நாலு பேரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்ட கடைசிக் காலங்களில் ஒன்று; சிரிப்பும் கைத்தட்டலும் கேட்கும். ஆந்தாலஜி 3 அதிலிருந்து ஏழே ஏழு பாட்டை எடுத்துக்கொண்டது. தனி ஆல்பமாகவே வரத் தகுதியுள்ள ஒன்றைச் சாம்பிள் பார்த்துவிட்டு மூடியது பெரிய தவறு. அந்த இருபத்தேழும் சேர்ந்து வந்ததும் 2018-ல்தான்.

ஜார்ஜுக்கு வீட்டோ மட்டும் கிடைத்தது என்று நினைத்தால் அநியாயம். மூன்றாம் தொகுதியில் அவருக்குப் பெரிய நியாயம் கிடைத்திருக்கிறது, ஒருவேளை திட்டமிடாமலேயே. 1969 பிப்ரவரி 25, அவருடைய இருபத்தாறாவது பிறந்தநாள். தனியாக ஸ்டூடியோவுக்குப் போய் ‘ஓல்டு பிரவுன் ஷூ’, ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’, ‘சம்திங்’ மூன்றையும் டெமோவாகப் பதிந்தார். மூன்றும் இங்கே இருக்கின்றன. குழுவின் கவனம் கிடைக்காமல் ஒரு பாட்டெழுத்தாளர் தன் உச்சத்துக்கு வந்துகொண்டிருந்ததை எந்த வாழ்க்கை வரலாறும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ‘ஒயில் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாட்டின் 1968 ஜூலை மாத அக்கூஸ்டிக் பதிவும் கூடவே. கடைசியில் வெளியான வடிவத்தில் இல்லாத வரிகள் அதில் உண்டு. எரிக் கிளாப்டனின் கிதார் வருவதற்கு முந்தைய அந்தப் பாட்டு, என் காதுக்குக் கிளாப்டன் வடிவத்தைவிட ஒரு படி மேல்தான். நூறு டேக்குக்கு மேல் போராடிவிட்டு ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட ‘நாட் கில்டி’யும் கடைசியாக அதிகாரபூர்வமாக வந்தது.

பாலுக்கும் ஒரு கணக்கு தீர்க்க இருந்தது. ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு’ பாட்டின்மேல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் தன்னைக் கேட்காமல் வயலின்களையும் பெண்குரல் கோரஸையும் ஏற்றிவிட்டார் என்பது அவருடைய பழைய கோபம். குழுவைச் சட்டப்படி கலைக்க நடந்த வழக்கில்கூட அதைச் சொன்னார். ஆந்தாலஜி 3-ல் அந்தப் பாட்டு வெறுமையாக, பியானோவும் குரலும் முன்னால் நிற்க வருகிறது.

காது கொடுத்துக் கேட்க வேண்டியவை

ஒரு டேக் எப்போது கேட்கத் தகுந்ததாகிறது? பிழை இருப்பதால் அல்ல. முடிவு இன்னும் எடுக்கப்படாமல் இருப்பதால். இரண்டாம் தொகுதிதான் இதில் பணக்காரத் தொகுதி. 1965-66 காலத்தில் ஸ்டூடியோவே அவர்களுக்குப் பட்டறையாகிவிட்டது. பாட்டை எழுதிக்கொண்டுவந்து பதிவது என்பது போய், பதிந்து பதிந்தே பாட்டை உருவாக்கினார்கள்.

‘யெஸ்டர்டே’ முதல் டேக், 1965 ஜூன் 14. ஆரம்பிக்குமுன் பால் ஜார்ஜுக்கு கிதார் கார்டுகளை (chords, ஒன்றாக ஒலிக்கும் சுரங்களை) சொல்லிக்கொண்டிருக்கிறார். பாடும்போது இரண்டு வரிகளை இடம்மாற்றிப் பாடிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விடுகிறார். மொத்தமே இரண்டு டேக். இரண்டாவதுதான் உலகம் கேட்டது. சில நாள் கழித்து வயலின்கள் வந்து சேர்ந்தன. அவை இல்லாமல் கேட்கும்போதுதான் ஒன்று புரிகிறது: பாட்டு ஏற்கெனவே முழுசாக இருந்திருக்கிறது, மார்ட்டின் அதற்குச் சோகத்தைச் சேர்க்கவில்லை, மரியாதையைச் சேர்த்திருக்கிறார்.

‘நார்விஜியன் வுட்’ நேர்மாறு. அக்டோபர் 12-ல் பதிந்த முதல் வடிவத்தில் சிதார் தாராளமாக, பாட்டின் குறுக்கே நிற்கிறது. ஜார்ஜ் அப்போதுதான் சிதாரைத் தொட ஆரம்பித்திருந்தார், அது கேட்கிறது. ஒன்பது நாள் கழித்து முழுப் பாட்டையும் புதிதாக எடுத்தார்கள். சிதார் ஒதுங்கி, மெட்டின் நிழலாக வந்தது. எதைக் குறைப்பது என்ற தீர்ப்பை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் டேக் வேறு இல்லை.

‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ தனிக் கட்டுரைக்கு உரியது. 1966 நவம்பரில் எடுத்த முதல் டேக் மெல்லோட்ரான் என்ற விசைப்பலகை வாத்தியத்தோடு மென்மையாக, பல்லவியில் தொடங்காமல் நேராகச் சரணத்தில் நுழைகிறது. பிறகு அதைக் கனப்படுத்தினார்கள்; பிறகு டிரம்பெட்டும் செல்லோவும் வைத்து இன்னொரு வடிவம். ஜானுக்கு ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் பிடித்தன. இரண்டும் வேறு வேகம், வேறு சுருதி. டேப் வேகத்தை மாற்றி இரண்டையும் ஒட்டினார்கள். உலகத்துக்குத் தெரிந்த அந்தப் பாட்டு ஏழாவது டேக்கும் இருபத்தாறாவது டேக்கும் சேர்ந்தது. முதல் டேக்கைக் கேட்டுவிட்டு அதற்குப் போனால், அவர்கள் முன்னேறினார்களா அல்லது அழகான ஒன்றைக் கைவிட்டு வேறொரு அழகைத் தேர்ந்தார்களா என்று தீர்மானிக்க முடியாது. அரிய பதிவு ஒன்று இதைவிட வேறென்ன செய்யவேண்டும்?

‘அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்’ இரண்டாவது டேக்கில் ஜானும் பாலும் குரல் சேர்க்கும்போது அடக்கமுடியாமல் சிரிக்கிறார்கள். இதற்கு ஆய்வு தேவையில்லை. வேலை செய்யும் இடத்தில் இரண்டு பேர் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள்.

வெட்டி ஒட்டியவை

இங்கேதான் எனக்கு முக்கியமான புகார். ஆவணம் என்று விற்ற பல டிராக்குகள் 1995-ல் உருவாக்கப்பட்டவை. ‘யெஸ் இட் இஸ்’ இரண்டாவது டேக்காகத் தொடங்குகிறது. அந்த டேக் முடிவுவரை போகவில்லை. ஆகவே நடுவில் மெல்லக் கரைந்து, எல்லோரும் அறிந்த மாஸ்டர் பதிவாக மாறிவிடுகிறது. ‘எ டே இன் தி லைஃப்’ வெவ்வேறு டேக்குகளின் ஒட்டு. ‘12-பார் ஒரிஜினல்’ என்ற வாத்திய இசை ஆறரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறுகியது. 1958 தட்டுக்கும் கத்தரி விழுந்தது. ‘இன் ஸ்பைட் ஆஃப் ஆல் தி டேஞ்சர்’ நாற்பது நொடி இழந்தது. உலகில் ஒரே பிரதி உள்ள பதிவை வெளியிட்டு, அதையும் சுருக்குவதற்கு என்ன காரணம் சொன்னாலும் எனக்குச் செரிக்காது.

மார்ட்டின் தரப்பு நியாயம் புரியாமல் இல்லை. அவர் காப்பாளர் அல்ல, தயாரிப்பாளர். ஒரு பாட்டைக் கேட்பவருக்குச் சலிக்காமல் கொடுப்பதுதான் அவர் வாழ்நாள் தொழில். லட்சக்கணக்கானோர் வாங்கப்போகும் தட்டில், பாதியில் இருமி நிற்கும் டேக்கை அப்படியே வைக்க அவருக்கு மனம் வராது. வெட்டியது குற்றம் என்றுகூடச் சொல்லமாட்டேன். உள்ளிருக்கும் குறிப்பேட்டைப் படிக்காதவர், தான் கேட்பது 1967-ல் ஒரு மாலை நடந்தது என்றே நம்புவார். அதுதான் சிக்கல்.

மூன்று கேசட் பாட்டுகள்

1994 ஜனவரியில் நியூயார்க்கில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவையொட்டி, ஜானின் வீட்டு டெமோக்களை யோகோ பாலிடம் கொடுத்தார். எழுபதுகளின் பிற்பகுதியில் டகோட்டா கட்டட வீட்டில் பியானோவும் குரலுமாகப் பதிந்த சாதாரண மோனோ கேசட்டுகள். மார்ட்டினுக்குக் காது மங்கிக்கொண்டிருந்தது; இந்த டெமோக்களிலிருந்து செய்த புதுப் பாடல்களை ஜார்ஜின் நண்பரான இசைக்கலைஞர் ஜெஃப் லின் தயாரித்தார். சசெக்ஸில் பாலின் ஸ்டூடியோவில் வேலை நடந்தது. குரலையும் பியானோவையும் பிரிக்க அன்று வழியில்லை. ஜான் தன்னந்தனியாக வாசித்ததால் வேகம் ஏறி இறங்கும். அதைக் கணினியில் சீராக்கி மேலே வாத்தியங்களை அடுக்கினார்கள்.

‘ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்’ பிரிட்டனில் இரண்டாமிடம், ‘ரியல் லவ்’ நாலாமிடம். பி.பி.சி.யின் ரேடியோ 1 ‘ரியல் லவ்’வைத் தன் ஒலிபரப்புப் பட்டியலில் சேர்க்க மறுத்தது, பால் பத்திரிகையில் கோபமாக எழுதினார். மூன்றாவது பாட்டான ‘நவ் அண்ட் தென்’னை 1995-ல் எடுத்துப் பார்த்துவிட்டு, கேசட்டின் மின் இரைச்சலாலும் பாட்டு முடியாமல் கிடந்ததாலும் கைவிட்டார்கள். அதனால்தான் மூன்றாம் தொகுதி புதுப் பாட்டில் தொடங்காமல், மார்ட்டின் 1968-ல் எழுதிய ஒரு சிறு வாத்திய இசையில் தொடங்குகிறது.

பிறகு திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக, கலந்துபோன ஒலியைத் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருளைச் செய்தது. அதை வைத்து ஜானின் குரலைக் கேசட்டிலிருந்து உரித்தெடுத்தார்கள். 1995-ல் ஜார்ஜ் வாசித்துவைத்த கிதார் இருந்தது. அவர் 2001-ல் இறந்துவிட்டார். பாலும் ரிங்கோவும் மீதியைப் பதிந்தார்கள். 2023 நவம்பர் 2-ல் வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1969-க்குப் பிறகு அங்கே அவர்களுடைய தனிப்பாட்டு ஒன்றுக்குக் கிடைத்த முதல் முதலிடம்.

மூன்றில் எது நல்ல பாட்டு என்றால், என் ஓட்டு இன்னமும் ‘ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்’டுக்கு. அதில் பாலும் ஜார்ஜும் தங்கள் வரிகளைப் பாடுகிறார்கள். மறுபக்கத்திலிருந்து வரும் ஒரு குரலோடு பேசுவதுபோல இருக்கிறது. ‘நவ் அண்ட் தென்’ தொழில்நுட்பத்தில் சுத்தம். ஜான் எழுதியிருந்த ஒரு பகுதியை முழுசாக எடுத்துவிட்டதால் பாட்டு கொஞ்சம் தட்டையாகிவிட்டது.

சட்டம் திறந்த கதவு

2013 டிசம்பரில், விளம்பரமே இல்லாமல், ஐடியூன்ஸில் ‘பூட்லெக் ரெக்கார்டிங்ஸ் 1963’ என்று 59 டிராக் வந்தது. திடீர்க் கருணைக்குக் காரணம் ஐரோப்பியச் சட்டம். ஒலிப்பதிவுக் காப்புரிமை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீண்டது, ஆனால் 50 ஆண்டுக்குள் வெளியிட்டவற்றுக்கு மட்டும். வெளியிடாமல் பூட்டிவைத்தால் உரிமை போய்விடும். 1963-ல் பதிந்ததற்கு அந்த ஆண்டோடு கெடு. ‘இது வெளியிடத் தகுதியற்றது’ என்று 1995-ல் கழித்தவற்றில் சில, உரிமை போகும் என்றதும் தகுதி பெற்றுவிட்டன.

ஆல்பம் வாரியான பெரிய பெட்டிகள் 2017-ல் ‘சார்ஜென்ட் பெப்பர்’ தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செய்தவர் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ். அவற்றில் டேக்குகள் பெரும்பாலும் முழுசாக, ஒட்டு இல்லாமல் இருக்கின்றன. அப்பா காலத்து முறைக்கு மகன் கொடுத்த மறுப்பு என்றே இதைச் சொல்லலாம், யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை என்றாலும்.

இந்தப் பின்னணியில்தான் 2025 பெட்டியைப் பார்க்கவேண்டியிருக்கிறது. நாலாம் தொகுதியில் 36 டிராக். அதில் முன்பு வெளிவராதவை 13. ‘ஐ ஆம் தி வால்ரஸ்’ பாட்டின் வயலின், காற்றுக்கருவிப் பதிவைத் தனியாகக் கேட்கமுடிகிறது. மார்ட்டின் எழுதிய அந்த ஸ்வரக்கோலத்துக்காக மட்டுமே அதைத் திரும்பத் திரும்பப் போடலாம். ‘ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்’, ‘ரியல் லவ்’ இரண்டிலும் ஜானின் குரலைப் புது முறையில் பிரித்து லின் மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார். குரல் தெளிவாக முன்னால் வந்துவிட்டது. பழையதில் தூரத்திலிருந்து வந்த அந்தக் குரலுக்குப் பழகிய காதுக்கு இது லாபமா நட்டமா என்பது ஆளைப் பொறுத்தது.

மற்ற டிராக்குகளில் பெரும்பாலானவை ஜைல்ஸின் பெட்டிகளிலேயே வந்தவை. 191-ல் இதுவரை வெளிவராதது அந்த 13 டிராக்தான். முதல் மூன்று தொகுதிகளின் ஒலி புதிதாகச் சரிசெய்யப்பட்டிருக்கிறது, ஆனால் ‘யெஸ் இட் இஸ்’ இன்னும் நடுவில் மாஸ்டராகத்தான் மாறுகிறது, வெட்டிய டேக்குகள் வெட்டியபடிதான் இருக்கின்றன. முப்பதாண்டு கழித்துத் திருத்த வாய்ப்புக் கிடைத்தும் தொடவில்லை. 1995-ன் தொகுப்பும் இப்போது ஒரு பழம்பொருள், அதையும் அப்படியே பாதுகாக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணமாக இருக்கலாம். புதிதாக வருபவர் நேராக இரண்டாம் தொகுதியை வாங்கிக்கொள்ளட்டும், கூடவே 2018-ன் ‘வைட் ஆல்பம்’ பெட்டியில் உள்ள இஷர் டெமோக்களையும்.